கன்வெர்ட்டர் முழுதாக உட்கார்ந்ததா?

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை இறக்கி வேலை பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது, அதன் ஆயுள் சில மில்லிமீட்டர் இடைவெளியில்தான் தொங்குகிறது. அந்த இடைவெளியை அளந்து பார்க்காமல் போல்ட்டை முறுக்கினால், பெரும் பணம் போட்டுச் சரிசெய்த கியர் பாக்ஸ் முதல் ஸ்டார்ட்டிலேயே பாழாகலாம். அல்லது ஓரிரு நாள் ஓடிவிட்டு நடுவழியில் எந்த கியரும் பிடிக்காமல் நிற்கலாம். பட்டறைக்காரர் “பழைய கோளாறு” என்பார். வண்டிக்காரர் “நீங்க கை வெச்ச பிறகுதான்” என்பார். நிரூபிக்க இருவர் கையிலும் ஒன்றும் இருக்காது.

நம் ஊர் லாரிகளில் பெரும்பாலானவை இன்னும் கிளட்ச் மிதித்து ஓட்டுபவைதான். ஆனால் டொயோட்டா ஹைலக்ஸ், இசுஸு வி-கிராஸ் போன்ற பிக்-அப்களிலும், சுரங்கங்களில் ஓடும் சில டிப்பர்களிலும் டார்க் கன்வெர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதிலாக ஆயில் வழியே இன்ஜின் விசையைக் கடத்தும் பாகம்) வைத்த ஆட்டோமேட்டிக் வந்துவிட்டது. கனரக வண்டிகளுக்கான ஆலிசன் கியர் பாக்ஸ் சென்னையை அடுத்த ஒரகடத்திலேயே தயாராகிறது. ஏ.எம்.டி. என்று விற்பது வேறு. அதில் இருப்பது வழக்கமான கிளட்ச், கன்வெர்ட்டர் கிடையாது. கிளட்ச் வண்டியிலேயே கை பழகிய மெக்கானிக், அதே பழக்கத்தில் ஆட்டோமேட்டிக்கைத் தொடும்போதுதான் வினை தொடங்குகிறது.

கன்வெர்ட்டர் கியர் பாக்ஸுக்குள் ஒரே தள்ளலில் போய் உட்காராது. முதலில் ஸ்டேட்டர் ஷாஃப்டின் பற்களும் உள் ஷாஃப்டின் பற்களும் கன்வெர்ட்டருக்குள் பொருந்த வேண்டும். கடைசியாக, கன்வெர்ட்டரின் கழுத்தில் இருக்கும் வெட்டு ஆயில் பம்பின் கியருக்குள் இறங்க வேண்டும். கையால் தாங்கி, மெல்லச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால் ஒவ்வொரு கட்டமாக ‘டொக்’ என்று இறங்குவது கைக்குத் தெரியும். கடைசி ‘டொக்’ வராவிட்டால், பார்வைக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும். அந்த நிலையில் கியர் பாக்ஸை இன்ஜினோடு சேர்த்தால் கியர் பாக்ஸின் முன்கூடான பெல் ஹவுசிங் ஒட்டாமல் சிறு இடைவெளி நிற்கும். கிளட்ச் வண்டியில் செய்வதுபோல போல்ட்டைப் பூட்டி இழுத்தால், அத்தனை விசையும் கன்வெர்ட்டர் வழியாக பம்பின் மேல் விழும். பம்ப் கியர் உடையும், அல்லது பம்பின் உடலே விரியும். ஆட்டோமேட்டிக்கின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கிளட்ச்சையும் இயக்குவது அந்த பம்ப் தரும் ஆயில் அழுத்தம்தான். அது போனால் எல்லாமே போயிற்று.

ஆகவே வண்டிக்காரர் கேட்க வேண்டியது ஒரு போட்டோ. கியர் பாக்ஸ் தரையில் இருக்கும்போதே, பெல் ஹவுசிங்கின் வாய்க்குக் குறுக்கே நேரான ஸ்கேல் வைத்து, அங்கிருந்து கன்வெர்ட்டரின் போல்ட் பிடிக்கும் முகம் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளக்கலாம். இருக்க வேண்டிய அளவு அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இன்ஜினோடு கையாலேயே முழுதாகச் சேர்ந்த பிறகு, இன்ஜினின் ஃப்ளெக்ஸ் பிளேட்டில் (கன்வெர்ட்டரைப் பிடிக்கும் தகட்டில்) போல்ட் பூட்டுவதற்கு முன் கன்வெர்ட்டர் தடையில்லாமல் சுழல வேண்டும். பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே, பல பிக்-அப்களில் சுமார் 2 முதல் 5 மி.மீ. வரை, இடைவெளி தெரிய வேண்டும். அந்த அளவை எடுக்கும்போதே ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். வேலை சரியாக நடந்ததற்கு அவருக்கும் அதுதான் சாட்சி.

இன்னும் இரண்டு விஷயம். பழைய கியர் பாக்ஸ் தேய்ந்து கெட்டிருந்தால், அதன் உலோகத் தூள் கன்வெர்ட்டருக்குள்ளும் ஆயில் கூலருக்குள்ளும் தங்கியிருக்கும். கூலரைக் கழுவாமல் மாட்டினால் அந்தத் தூள் புதிய வேலையையும் தின்றுவிடும். ஆயில், நிறுவனம் குறிப்பிட்ட அதே தரமாக இருக்க வேண்டும். அதன் பெயரையும் அளவையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

அடியில் படுத்து வேலை செய்பவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிக்-அப் கியர் பாக்ஸே ஓர் ஆள் எடைக்குக் குறையாது. கனரக வண்டியுடையது அதைவிடப் பல மடங்கு. கன்வெர்ட்டர் எதனாலும் பூட்டப்படாமல் கழுத்தில் மட்டும் நிற்பதால், கியர் பாக்ஸ் முன்பக்கம் சாய்ந்தால் ஆயிலோடு நழுவி விழும். குறுக்கே ஒரு பட்டை போல்ட் செய்து தடுப்பது சில நிமிட வேலை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்ட் வேண்டும், கியர் பாக்ஸைச் சங்கிலியால் பிணைக்கும் டிரான்ஸ்மிஷன் ஜாக்கி வேண்டும். வேலையின்போது அடிபட்ட தொழிலாளிக்கு முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கும் உரிமை. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. “தினக்கூலிதானே” என்று சொல்லித் தட்டிக்கழிக்க யாருக்கும் உரிமை இல்லை.

வேலை கெட்டுப்போனால் என்ன செய்வது? முதலில், கோபத்தில் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்த் திறந்துவிடாதீர்கள். திறந்த கணத்திலேயே சாட்சியம் கலைந்துவிடும். என்ன நடந்தது, இன்ன தேதியில் இன்ன இடத்தில் திறக்கப்போகிறோம், வந்து பாருங்கள் என்று முதல் பட்டறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வராவிட்டாலும் அந்தக் கடிதம் உங்களுக்குப் பலம். திறப்பதை வீடியோ எடுங்கள், உடைந்த பம்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், திறந்த மெக்கானிக்கிடம் கையெழுத்தோடு அறிக்கை வாங்குங்கள். இழுத்துச் செல்லும்போதும் கவனம்: இன்ஜின் ஓடாவிட்டால் பம்பும் ஓடாது, எனவே ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுத்தால் உள்ளே இன்னொரு சேதம் வரும், பழி உங்கள்மேல் திரும்பும்.

பணம் கட்டாமல் வண்டியைத் தர மாட்டேன் என்று பட்டறை சொல்லலாம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு, வேலையை முடித்தவருக்குக் கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்கும் உரிமையைத் தருகிறது. சச்சரவு செய்து பயனில்லை. “ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்” என்று எழுதி, பணத்தை வங்கி வழியாகக் கட்டி வண்டியை மீட்பதுதான் பெரும்பாலும் புத்திசாலித்தனம். பில் தர மறுத்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி அதுவே முறையற்ற வணிக நடைமுறை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. கோளாறு நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

லாரி, பிக்-அப் வைத்திருப்பவர்களிடம் எதிர்த்தரப்பு வைக்கும் முதல் வாதம், “வண்டி வியாபாரத்துக்கானது, இவர் நுகர்வோரே அல்ல” என்பது. இதற்கு 1995-இலேயே உச்ச நீதிமன்றம் விடை சொல்லியிருக்கிறது. கோவையின் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்துக்கு எதிராக லட்சுமி இன்ஜினியரிங் நிறுவனம் தொடுத்த வழக்கு அது. பிழைப்புக்காகத் தானே ஓட்டுவதற்கு லாரி வாங்கியவர் நுகர்வோர்தான் என்று அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டோடு விளக்குகிறது. பத்து வண்டிகளை ஆள் வைத்து ஓட்டும் நிறுவனத்துக்கு இது பொருந்தாது. அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். சொந்த வண்டியைத் தானே ஓட்டுபவர் தன் புகாரின் முதல் பத்தியிலேயே, இந்த வண்டியை நானே ஓட்டுகிறேன், என் குடும்பம் இதை நம்பித்தான் பிழைக்கிறது என்று எழுதி, ஓட்டுநர் உரிமத்தின் நகலையும் சேர்த்துவிட வேண்டும்.