மத்திய அலையில் கேட்ட பாடல்கள்

இம்மருத்துவமனையின் பகல்நேரச் சிகிச்சைப் பிரிவில், சாளரத்தை ஒட்டிய கட்டிலருகே, அண்ணனும் தங்கையுமாக நாங்கள் இருவரும் சென்ற ஆண்டு பல நாள்களைக் கழித்தோம். நோய் அண்ணனுக்கு, துணைக்கு வந்தவர் தங்கை. இதனை எழுதுபவர்கள் இருவரும்தான்.

எங்கள் இளமை தொண்டிக்கு அருகில் ஒரு கடலோரச் சிற்றூரில் கழிந்தது. 1970-களில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஆடம்பரப் பொருள் ஒரு டிரான்சிஸ்டர். வானொலி வைத்திருப்பதற்கே அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டியிருந்த காலம் அது. நம் நாட்டு நிலையங்களைக் காட்டிலும் இலங்கை வானொலியே எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. உப்புநீர்ப் பரப்பின் மேல் மத்திய அலை வெகுதொலைவு தளராமல் செல்லும் என்று பின்னாளில் அறிந்தோம். அன்றோ, கடலே பாடுகிறது என்பது தங்கையின் உறுதியான நம்பிக்கை.

காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டபின்தான் பள்ளிக்குப் புறப்படுவோம். கே. எஸ். ராஜாவின் மூச்சுவிடாத விரைவையும், பி. எச். அப்துல் ஹமீதின் திருத்தமான உச்சரிப்பையும் திண்ணையில் அமர்ந்து பேசிப் பழகுவோம். தமிழை அவர்களிடமே கற்றோம் என்றால் எங்கள் தமிழாசிரியர் வருந்தியிருப்பார். எனினும் உண்மை அதுவே. மின்கலம் தளர்ந்துவிட்டால் கூரைமேல் வெயிலில் காய வைப்போம். இன்னும் நான்கைந்து பாடல்கள் கேட்கும் அளவுக்கு அதற்கு உயிர் வந்துவிடும்.

திரைப்பாடல்களைவிட எங்களைப் பித்துக்கொள்ளச் செய்தவை பொப்பிசைப் பாடல்கள். 'பாப்' என்பதை இலங்கையில் அவ்வாறுதான் எழுதுவர். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' ஆகிய பாடல்கள் தொடங்கியதும் வீட்டில் வேலை நின்றுவிடும். போர்த்துக்கீசியர் வழியாக அத்தீவில் வேரூன்றிய பைலாவின் துள்ளல் தாளம் அவற்றில் இருந்தது. "இது பாட்டா, கூச்சலா?" என்பார் அப்பா. ஆனால் அவருடைய கால் பெருவிரல் தாளமிடுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். பின்னர் ஒலிநாடா வந்தது, குறுந்தகடு வந்தது. கேட்பது மட்டும் நிற்கவில்லை.

அண்ணனுக்குத் தொண்டையில் புற்று என்று தெரிந்தபோது, கதிர்வீச்சுடன் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தும் செலுத்த முடிவாயிற்று. அம்மருந்து செவியைப் பாதிக்கக்கூடும் என்று மருத்துவர் முன்னதாகவே கூறி, செவித்திறன் பரிசோதனையும் செய்வித்தார். உட்செவியில் உள்ள நுண்மயிர் உயிரணுக்களை அது அழிக்க வல்லது. அவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் மறைவது மிக உயர்ந்த சுருதி ஒலிகள் என்பதால் நோயாளியே அதனை உடனே உணராமல் இருக்கலாம்.

அண்ணன் உணர்ந்தார்; மறைத்தார். இரண்டாம் முறை மருந்து ஏற்றியபின் இரவுகளில் இரு செவிகளிலும் சில்வண்டு இரைவது போன்ற ஓசை எழுந்ததை எவரிடமும் சொல்லவில்லை. வெளிப்படுத்தியது ஒரு வெப்பமானி.

"அண்ணா, சத்தம் வந்து எவ்வளவு நேரமாச்சு, இன்னும் எடுக்கலையா?"

"எந்தச் சத்தம்?"

தங்கைக்கு விளங்கிவிட்டது. அன்று மாலை எங்களுக்குள் நிகழ்ந்தது ஏறக்குறைய சண்டையே. செவியைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், நோய் திரும்பிவிடும் என்பது அண்ணனின் அச்சம். மறுநாள் மருத்துவரிடம் கூறினோம். மறுபரிசோதனையில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்கும் திறன் இரு செவிகளிலும் குறைந்திருந்தது. சிகிச்சையை அவர் நிறுத்தவில்லை. மூன்றாம் முறைக்கு மட்டும் வேறு மருந்துக்கு மாற்றினார். இம்மாற்றம் அவரவர் நோயின் நிலையைப் பொறுத்தது, எல்லோருக்கும் பொருந்தாது என்றும் விளக்கினார். செவியில் இரைச்சலோ மந்தமோ தோன்றினால் அடுத்த மருந்து ஏறும்வரை காத்திராமல் சொல்லிவிடுங்கள். அண்ணன் வீணாக்கிய பதினைந்து நாள்களை நீங்கள் வீணாக்க வேண்டாம்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபின் அண்ணன் தம் குறுந்தகடுகளைப் போட்டுக் கேட்டார். சிம்பலின் மினுக்கம் இல்லை, குழலில் இழையோடும் மூச்சு இல்லை. "நூலறுந்த பட்டம் போல இருக்கிறது" என்று சொல்லி அணைத்துவிட்டார். ஆறு வாரங்கள் எங்கள் வீட்டில் பாட்டு இல்லை. புற்றைவிட அந்த அமைதியே தங்கையை அதிகம் வருத்தியது.

ஒருநாள், அடுக்களையிலிருந்த தங்கை தமக்காகக் கைப்பேசியில் 'சுராங்கனி'யைப் போட்டார். கூடத்திலிருந்த அண்ணன் எழுந்து வந்தார். "இது மட்டும் அப்படியே இருக்கிறதே!"

காரணத்தைச் செவித்திறன் வல்லுநர் சொன்னார். மத்திய அலை ஒலிபரப்பு ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைப் பெரும்பாலும் சுமந்து வருவதில்லை. ஆகவே எங்கள் டிரான்சிஸ்டரில் அந்தப் பாடல்களுக்கு மினுக்கம் என்றுமே இருந்ததில்லை. அண்ணனின் செவி இழந்ததில் பெரும்பகுதி, சிறுவயதில் அவர் கேளாததே.

இதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. இரைச்சல் இன்னும் இருக்கிறது. திருமண மண்டபத்தில் எதிரே நிற்பவரின் பேச்சு புரிவதில்லை. பேத்தியின் மெல்லிய குரலில் பாதிச் சொற்கள் நழுவிவிடுகின்றன. வரும் மாதம் செவிக்கருவி பொருத்திப் பார்க்கவிருக்கிறார்கள். பேச்சுக்கு ஓர் அமைப்பும் இசைக்கு வேறோர் அமைப்பும் அதில் வைக்க இயலுமாம். இசைக்கான அமைப்பைச் சோதிக்க எந்தப் பாடலைக் கொண்டு செல்வது என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. அண்ணன் 'சின்ன மாமியே' என்கிறார்.