நாகவல்லிக்குக் குரல் கொடுத்தது யார்? ஒரு பேய்ப்படமும் டைட்டில் கார்டு பஞ்சாயத்தும்

'மணிச்சித்திரத்தாழ்'. 1993 கடைசியில் வந்த மலையாளப் படம். 'சந்திரமுகி'யின் ஒரிஜினல் என்றால் சட்டென்று புரிந்துவிடும். 2024 ஆகஸ்டில் 4கே-யில் மெருகேற்றி மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். முப்பது வருஷம் கழித்தும் கூட்டம் வந்தது.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் படம் இன்னும் பக்கம். சில காட்சிகள் எடுக்கப்பட்டது பத்மநாபபுரம் அரண்மனையில். தூத்துக்குடியிலிருந்து நெல்லை, நாகர்கோவில் தாண்டி தக்கலை வரை போனால் பார்த்துவிடலாம்.

இந்தப் படத்தை வைத்து ஒரு கேள்விக்குப் பதில் தேடலாம். ஒரு படத்தில் பலர் வேலை செய்கிறார்கள். பெயர் யாருக்குப் போக வேண்டும்? அதில் சண்டை எங்கே தொடங்குகிறது?

ஒரு படம், இத்தனை டைரக்டர்களா?

ஆமாம். படத்தின் இயக்குநர் பாசில். ஆனால் எல்லாக் காட்சிகளையும் அவரே எடுக்கவில்லை. பிரியதர்ஷன், சிபி மலயில், சித்திக் - லால் ஆகியோர் தனித்தனி யூனிட்டுகளை வைத்துக்கொண்டு பல காட்சிகளை எடுத்துக் கொடுத்தார்கள். யாரும் கத்துக்குட்டி இல்லை. எல்லோருமே அப்போதே பெயர் வாங்கிய இயக்குநர்கள். வேணு, ஆனந்தக்குட்டன், சன்னி ஜோசப் என்று ஒளிப்பதிவாளர்களும் மூன்று பேர்.

சண்டை வர இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேண்டுமா? ஆனால் வரவில்லை. கதையை எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்ற முடிவு பாசிலுடையது. மற்றவர்கள் அந்தத் திட்டத்துக்குள் நின்று வேலை செய்தார்கள். முக்கியமாக, அவர்கள் யார், என்ன வேலை செய்தார்கள் என்பது மறைக்கப்படவில்லை. இதே கதையை 2007-ல் 'பூல் புலையா' என்று இந்தியில் இயக்கியவர் அந்த யூனிட் இயக்குநர்களில் ஒருவரான பிரியதர்ஷன்தான்.

அப்போ பிரச்சினை எங்கே வந்தது?

குரலில். ஷோபனாவுக்கு இந்தப் படத்தில் இரண்டு முகம். ஒன்று கங்கா. இன்னொன்று தமிழ் பேசும் தஞ்சாவூர் நடனக்காரி நாகவல்லி. இந்த நடிப்புக்குத்தான் அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. படத்தில் வரும் குரல் அவருடையது இல்லை. இரண்டு பேருக்குமே டப்பிங் பேசியது பாக்யலட்சுமி என்றுதான் இருபது வருஷத்துக்கு மேல் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

2016-ல் பாசில் ஒரு வார இதழ்த் தொடரில் விஷயத்தை உடைத்தார். முதலில் பாக்யலட்சுமிதான் முழுசாகப் பேசினார். கேட்டுப் பார்த்தபோது கங்காவும் நாகவல்லியும் ஒரே ஆள் மாதிரி ஒலித்ததால், நாகவல்லியின் பகுதியை மட்டும் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞரை வைத்து மறுபடி பதிவு செய்தார்கள். இதை பாக்யலட்சுமிக்கும் சொல்லவில்லை. ரொம்ப நாள் அவரும் அது தன் குரல் என்றே நினைத்திருந்தார்.

ஆக, பாதிக்கப்பட்டது ஒருத்தர் இல்லை, இரண்டு பேர். துர்காவுக்குப் பாராட்டு வரவில்லை. தன்னுடையது அல்லாத ஒன்றுக்குப் பாராட்டு வாங்கும் சங்கடம் பாக்யலட்சுமிக்கு.

ஹாலிவுட்டில் இப்படி நடந்ததா?

அங்கே டைரக்டர் நாற்காலிக்கே சண்டை. 1982 ஜூனில் வந்த பேய்ப்படம் 'போல்டர்கைஸ்ட்'. இயக்குநர் என்று கார்டில் இருப்பது டோப் ஹூப்பர். கதை எழுதி, தயாரிப்பிலும் இருந்தவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். அவருடைய 'ஈ.டி.' அடுத்த வாரமே ரிலீஸ். செட்டில் எல்லாவற்றையும் ஸ்பீல்பெர்க்தான் பார்த்துக்கொண்டார் என்று பேச்சு கிளம்பியது. டிரெய்லரில் ஹூப்பரைவிட ஸ்பீல்பெர்க் பெயர் பெரிய எழுத்தில் வந்ததால் இயக்குநர்கள் சங்கம் தலையிட்டது. எம்.ஜி.எம். நிறுவனம் 15,000 டாலர் கட்ட வேண்டியதாயிற்று. ஹூப்பருக்கு நன்றி சொல்லி ஸ்பீல்பெர்க் பத்திரிகையில் பகிரங்கக் கடிதமே வெளியிட்டார்.

அப்படியும் பேச்சு அடங்கவில்லை. படத்தில் நடித்தவர்களும் கேமரா குழுவில் இருந்தவர்களும் ஆளுக்கொரு பக்கமாகச் சாட்சி சொன்னார்கள். 2017-ல் ஹூப்பர் இறக்கும்வரை அந்தக் கேள்வி அவரைத் துரத்தியது.

அமெரிக்கச் சங்கத்தில் இதற்கென்றே விதிகள் உண்டு. பொதுவாக ஒரு படத்துக்கு ஒரு இயக்குநர்தான். படத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவர் இயக்குநரைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார முடியாது. 1976-ல் வந்த ஒரு படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் அப்படிச் செய்ததால் வந்த விதி இது. அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள்.

தமிழில்?

'சந்திரலேகா' (1948) பேய்ப்படம் இல்லைதான். ஆனால் இந்த வகைப் பஞ்சாயத்துக்கு நல்ல உதாரணம். அதை இயக்க ஆரம்பித்தவர் டி.ஜி. ராகவாச்சாரி. கருத்து வேறுபாட்டால் பாதியில் விலகினார். தயாரிப்பாளர் எஸ்.எஸ். வாசனே இயக்கி முடித்தார். கார்டில் இருப்பது வாசன் பெயர். ராகவாச்சாரியை இன்று சினிமா வரலாறு படிக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

நமக்கு இதில் என்ன?

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தூத்துக்குடிக் கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர் ஒருத்தர். படகில் நின்று கயிற்றைப் பிடித்திருந்தவர் இன்னொருத்தர். கயிறு பிடித்தவர் கைக்குச் சிப்பி வராது. ஆனால் அவரை நம்பித்தான் கீழே இருப்பவர் மூச்சடக்கினார். எடுத்ததில் இருவருக்கும் பங்கு இருந்தது.

சினிமாவில் அந்தப் பங்கு, சம்பளத்தோடு முடிவதில்லை. பெயரும் அதில் சேர்த்தி. டப்பிங் கலைஞருக்கோ உதவி இயக்குநருக்கோ அடுத்த வாய்ப்பைக் கேட்கப் போகும்போது காட்ட இருப்பது அந்த ஒரு வரிதான். 'மணிச்சித்திரத்தாழ்' சொல்வது இதைத்தான். பல கைகள் சேர்ந்ததால் சண்டை வராது, ஒரு கையை மறைத்தால்தான் வரும். பிரியதர்ஷன் முதலானவர்களின் வேலை தெரிந்திருந்தது, சச்சரவில்லை. துர்காவின் குரல் மறைக்கப்பட்டது, இருபது வருஷம் கழித்தும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

ஓடிடி-யில் பெயர்கள் ஓடும்போது 'ஸ்கிப்' பட்டன் வரும். ஒருமுறை அழுத்தாமல் பாருங்கள். யாரோ ஒருத்தருக்கு அந்த இரண்டு நொடிதான் மொத்தப் படமும்.