புழுவின் ஹார்மோன், மனிதனின் மருந்து

500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்கள். அவற்றிலிருந்து வடித்துப் பிரித்து 1954இல் ஜெர்மன் வேதியியலாளர்களுக்குக் கிடைத்தது 25 மில்லிகிராம் படிகம்தான். தோலுரிக்கும் நேரத்தைப் புழுவுக்குச் சொல்லும் எக்டைசோன் அது. இன்று ஆய்வகக் குடுவையில் வளரும் பூச்சிச் செல்லுக்குள் அயல் மரபணுவைப் புகுத்தி, நாம் விரும்பும் நேரத்தில் அதை வேலை செய்யவைக்க இந்த ஹார்மோனே சுவிட்ச்.

இந்த ஹார்மோனைப் பிடிக்கும் புரதமான எக்டைசோன் ஏற்பி தனியாக எதுவும் செய்வதில்லை. இன்னொரு புரதத்தோடு ஜோடி சேர்ந்து டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட வரிசையில் போய் உட்காரும். பழ ஈயின் ஒரு வெப்ப அதிர்ச்சி மரபணுவில் அந்த வரிசை இருக்கிறது. அதை அயல் மரபணுவுக்கு முன்னால் ஒட்டிவிட்டால், குடுவையில் ஹார்மோனை விட்டதும் அந்த மரபணு தரும் புரதத்தின் உற்பத்தி எகிறும்.

ஆனால் ஹார்மோன் அந்த ஒரு மரபணுவோடு நிற்பதில்லை. பழ ஈயின் கேசி வகைச் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தால், உருண்டையாக இருந்தவை ஹார்மோன் பட்டபின் நீண்டு, வால் போல இழைகள் விட்டு, கூடவே பெருகுவதையும் நிறுத்திவிடுகின்றன. ஆகவே, முதலில் செல்களைப் பெருக்கிக்கொண்டு, பிறகுதான் ஹார்மோன்.

என் கவலை வேறு: உணவில் வரும் பூச்சிக்கொல்லி எச்சமே இந்தச் சுவிட்சைத் தட்டிவிடுமோ என்பது. டெபுஃபெனோசைடு, மெத்தாக்ஸிஃபெனோசைடு ஆகிய பூச்சிக்கொல்லிகளும் இதே ஏற்பியைத்தான் பிடிக்கின்றன. அவற்றைத் தின்ற புழு அகாலத்தில் தோலுரிக்க முயன்று, தீனியை விட்டுச் சாகிறது. 1990களில் இந்தச் சுவிட்சைப் பாலூட்டிச் செல்களுக்கும் கொண்டுபோனார்கள். பின்னர் மூளைப் புற்றுநோயாளிகளிடம் நடந்த சோதனையில், இந்த ஏற்பியோடு சேர்த்து உள்ளே செலுத்திய மரபணுவை இயக்கக் கொடுத்த வாய்வழி மருந்தும் அந்தப் பூச்சிக்கொல்லிகளின் வேதிக்குடும்பமே.

மனித உடலில் இந்த ஏற்பி இயல்பாகக் கிடையாது, காய்கறியில் தங்கும் எச்சமும் மிகச் சொற்பம் என்பது ஆய்வாளர்கள் தரப்பு வாதம். நம்மைப் போன்றவர்களுக்கு அது பொருந்தும். ஏற்பியையே உடலில் ஏற்றிக்கொண்ட நோயாளிக்கு எப்படிப் பொருந்தும்? வயலில் தெளிப்பதையும் நோயாளிக்குக் கொடுப்பதையும் தனித்தனியாக அளந்தால் போதாது. சுவிட்சைத் தட்ட ரத்தத்தில் எவ்வளவு மருந்து வேண்டும், தட்டிலுள்ள முட்டைக்கோஸ் வழியாக எவ்வளவு ஏறும் என்ற இரண்டு கணக்கையும், மருந்து அனுமதி கேட்கும்போதே பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டவேண்டும்.