டிராக்டர், லாரி ஸ்டப் ஆக்சில்: எப்போது புஷ் மாற்றினால் போதும், எப்போது புதிதாக வாங்க வேண்டும்?

பாபநாசம் அணையில் கார் பருவத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால், கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய்ப் பாசனத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உழவு வேலை வந்துவிடும். பிசான பருவத்திலும் இதே நிலைதான். அந்த நாட்களில் டிராக்டர் இரண்டு நாள் பட்டறையில் நின்றால் நாற்று முற்றிவிடும், நடவு ஆட்கள் வேறு வயலுக்குப் போய்விடுவார்கள். இந்த அவசரத்தில்தான் பலர் விரிசல் விட்ட ஸ்டப் ஆக்சிலை வெல்டிங் வைத்து ஓட்டுகிறார்கள்.

வயலில் ஸ்டப் ஆக்சில் உடைந்தால் நஷ்டம் ஒரு நாள் வேலையோடு போகும். டிரெய்லரில் நெல் மூட்டை ஏற்றிச் சாலையில் போகும்போதோ, வாழைத்தார் ஏற்றிய லாரி புளியரை மலைச் சாலையில் இறங்கும்போதோ உடைந்தால் உயிரே போகலாம். ஆகவே, முன் சக்கரத்தைத் தாங்கும் இந்தப் பாகத்தை எப்படிச் சோதிப்பது, எப்போது மாற்றுவது, எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை விரிவாகப் பார்ப்போம்.

ஸ்டப் ஆக்சில் என்பது எது?

முன் சக்கரத்தின் எடையைத் தாங்குவதும், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தோடு சேர்ந்து திரும்புவதும் இந்த ஒரே பாகம்தான். நம் கைக்கு மணிக்கட்டு எப்படியோ, முன் ஆக்சிலுக்கு இது அப்படி. கம்பெனிப் புத்தகங்களில் இதை ஸ்டீயரிங் நக்கிள் என்று எழுதியிருப்பார்கள். பட்டறைகளில் ஸ்டப் ஆக்சில் என்பார்கள்.

லாரியில் முன் ஆக்சிலின் இரு முனைகளிலும் ஒரு துளை இருக்கும். அதில் கிங் பின் என்ற தடித்த உருளைக் கம்பி நிற்கும். ஸ்டப் ஆக்சில், கவட்டை போன்ற தன் இரு கைகளால் அந்த கிங் பின்னை மேலும் கீழும் பிடித்துக்கொண்டு திரும்பும். மேலே ஒரு புஷ், கீழே ஒரு புஷ் இருக்கும். வண்டியின் எடையைத் தாங்க கீழ்ப்பக்கம் ஒரு திரஸ்ட் பேரிங் இருக்கும்.

சாதாரண இரு சக்கர இயக்க டிராக்டரில் அமைப்பு கொஞ்சம் வேறு. பெரும்பாலான மாடல்களில் சக்கரம் மாட்டும் தண்டும், செங்குத்தாக மேலே போகும் தண்டும் ஒரே துண்டாக இருக்கும். செங்குத்துத் தண்டு ஆக்சில் முனையிலுள்ள குழாய்க்குள் புஷ்களில் திரும்பும். அதன் மேல் நுனியில் ஸ்டீயரிங் ஆர்ம் மாட்டியிருக்கும். நான்கு சக்கர இயக்க டிராக்டரில் முன் ஆக்சிலுக்குள் கியர்களும் ஆயிலும் உண்டு. அதை வீட்டில் பிரிக்காமல், அந்த மாடல் தெரிந்த பட்டறையில் கொடுப்பதே நல்லது.

தொளி உழவில் ஏன் சீக்கிரம் தேய்கிறது?

நஞ்சை உழவில் முன் சக்கரம் மணிக்கணக்கில் சேற்றில் மூழ்கி நிற்கிறது. ஆயில் சீல் கொஞ்சம் கிழிந்திருந்தாலும் சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும். தண்ணீரோடு போகும் நுண்மணல் புஷ்ஷையும் தண்டையும் அரம் போல ராவிவிடும். புஷ் தேய்ந்தால் ஆட்டம் வரும். ஆட்டம் வந்த பிறகு ஒவ்வொரு வரப்பில் ஏறி இறங்கும்போதும் தண்டின் மேல் சுத்தியல் அடி போல விழும். இப்படிப் பல ஆயிரம் அடி வாங்கிய பிறகு, சக்கரத் தண்டு கவட்டையோடு சேரும் அடிப்பகுதியில் மயிரிழை விரிசல் தொடங்கும். தண்டில் அதிக அழுத்தம் விழும் இடம் அதுதான்.

ஆகவே, ஸ்டப் ஆக்சில் ஒரே நாளில் உடைந்ததாகத் தோன்றினாலும் பெரும்பாலும் அது பல மாதமாக நடந்த வேலை. கிரீஸும் புஷ்ஷும் சரியாக இருந்தால் ஸ்டப் ஆக்சில் வாங்கும் செலவு அநேகமாக வராது.

பத்து நிமிடச் சோதனை

பருவம் தொடங்கும் முன் இதைச் செய்யுங்கள். தண்ணீர் திறந்த பிறகு செய்தால் பாகம் வாங்க நேரம் இருக்காது.

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைக்கவும்.

2. முன் ஆக்சிலுக்கு ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கவும். பிறகு ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ முட்டுக் கொடுக்கவும். ஹாலோ பிளாக், செங்கல் வைக்க வேண்டாம். அவை திடீரென்று நொறுங்கும்.

3. சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளும் வெளியும் அசைக்கவும். ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்கிலா, கிங் பின் புஷ்ஷிலா என்று பார்க்க வேண்டும்.

4. லாரியில் ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மீண்டும் அசைக்கவும். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வீல் பேரிங்கில். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங் பின் அல்லது புஷ்ஷில். டிராக்டரின் முன் சக்கரத்துக்குப் பொதுவாக பிரேக் கிடையாது. அதனால் ஒருவர் அசைக்க, மற்றவர் டார்ச் அடித்துப் பார்க்கவும். தண்டு அசையாமல் ஹப் மட்டும் ஆடினால் பேரிங். செங்குத்துத் தண்டே குழாய்க்குள் ஆடினால் புஷ்.

5. அடுத்து, சக்கரத்தின் இடமும் வலமும் பிடித்து அசைக்கவும். இப்போது ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்டையும் ஸ்டீயரிங் இணைப்புகளையும் பார்க்கவும்.

6. ஒரு சக்கரம் மற்றதைவிடச் சாய்ந்து நிற்கிறதா, காற்று சமமாக இருந்தும் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்கிறதா என்று கவனிக்கவும். பள்ளத்திலோ மடையிலோ விழுந்து ஏறிய பிறகு இந்த அறிகுறி வந்தால், ஸ்டப் ஆக்சிலோ ஆர்மோ வளைந்திருக்கலாம்.

விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

சக்கரத்தையும் ஹப்பையும் கழற்றி, தண்டை நன்றாகக் கழுவித் துடைக்கவும். அடிப்பகுதியில் மண்ணெண்ணெய் அல்லது டீசல் தடவி, சற்று நேரம் ஊறவிட்டு, உலர்ந்த துணியால் சுத்தமாகத் துடைக்கவும். பிறகு அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டிப் பொடியைத் தேய்க்கவும். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியும்.

இதில் கோடு தெரிந்தால் அந்தப் பாகம் முடிந்தது. ஆனால் கோடு தெரியாவிட்டால் விரிசலே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. விபத்தில் அடிபட்ட லாரியாக இருந்தால், சிவப்புச் சாயம் போட்டுச் சோதிக்கும் வசதி உள்ள பட்டறையில் காட்டிவிடுங்கள்.

எதை மாற்றினால் போதும்?

ஆட்டம் மட்டும் இருந்து, தண்டு நேராகவும் விரிசல் இல்லாமலும் இருந்தால், புஷ், ஆயில் சீல் மாற்றினால் போதும். லாரியில் கிங் பின் செட் என்றே கேட்டு வாங்கலாம். அதில் பின், புஷ், திரஸ்ட் பேரிங், ஷிம், லாக் பின் எல்லாம் சேர்ந்து வரும். தேய்ந்த கிங் பின்னில் புதுப் புஷ் மட்டும் போட்டால் ஆட்டம் சீக்கிரமே திரும்ப வரும்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்டப் ஆக்சிலையே மாற்ற வேண்டும்:

- விரிசல் அல்லது வளைவு.
- பேரிங் உட்காரும் இடத்தில் படி விழுந்த தேய்மானம்.
- பேரிங் சிக்கிச் சூடேறி, தண்டு நீலம் பாய்ந்திருத்தல்.
- நுனி மரை வழுக்கி, நட் பிடிக்காமல் இருத்தல்.
- ஸ்டீயரிங் ஆர்ம் உட்காரும் இடமோ சாவிக் குழியோ தேய்ந்து தளர்ந்திருத்தல்.

வெல்டிங் ஏன் கூடாது?

இந்தப் பாகம் பழுக்கக் காய்ச்சிய எஃகை அச்சில் அடித்துச் செய்து, பிறகு அளவாகச் சூடாக்கிக் குளிரவைத்துப் பதம் ஏற்றியது. அந்தப் பதம்தான் அதன் பலம். வெல்டிங் வைத்தால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலுள்ள எஃகு கண்ணாடி போல விறைத்து, நெகிழ்வு இல்லாமல் போகும். அடுத்த விரிசல் அங்கேயே தொடங்கும். வெளியே பார்த்தால் பளபளப்பாக இருக்கும், உள்ளே இருப்பது தெரியாது.

தேய்ந்த தண்டில் வெல்டிங் ஏற்றி லேத்தில் கடைவதும் இதே ஆபத்துதான். வளைந்ததை நெருப்பில் காய்ச்சி நிமிர்த்தினாலும் பதம் போய்விடும். கலப்பைக் கொழுவுக்கு வெல்டிங் வைக்கலாம். உடைந்தால் கொழுவோடு போகும். ஸ்டப் ஆக்சிலுக்கு மட்டும் வேண்டாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

- வண்டியின் மாடல், சேசிஸ் எண், தயாரித்த ஆண்டு, பழைய பாகத்தின் எண் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். ஒரே பெயருள்ள மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறியிருக்கலாம்.
- பழைய பாகத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இடப்பக்கம், வலப்பக்கம் வேறுபடலாம்.
- உங்கள் பேரிங்கைக் கொண்டுபோய் தண்டில் போட்டுப் பாருங்கள். வழவழப்பாக ஏற வேண்டும், தளர்ந்து ஆடக் கூடாது. நட்டையும் கையால் சுற்றிப் பாருங்கள்.
- தண்டின் அடிப்பகுதியில் உள்ள வளைவு வழவழப்பாக இருக்க வேண்டும். அங்கே கடைசல் கோடு, வெட்டு, துளை, மணல் குழி இருந்தால் வாங்க வேண்டாம்.
- பாக எண்ணோடு ரசீது வாங்குங்கள். விலை மிகக் குறைவாக இருந்து, ரசீதும் தர மறுத்தால் அந்தப் பாகத்தை விட்டுவிடுங்கள்.
- உடைத்து விற்கும் கடையில் கிடைக்கும் பழைய ஸ்டப் ஆக்சில் வேண்டாம். அந்த வண்டி ஏன் உடைக்க வந்தது என்று யாருக்கும் தெரியாது. பம்பரையும் மட்கார்டையும் அங்கே வாங்கலாம், இதை வாங்கக் கூடாது.

மாட்டும்போது மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

புது புஷ்ஷின் கிரீஸ் துளை, நிப்பிள் துளைக்கு நேராக வர வேண்டும். மாறி உட்கார்ந்தால் எத்தனை கிரீஸ் அடித்தாலும் உள்ளே போகாது. லாரியில் மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் ரீமர் விட்டு ஒரே நேர்கோட்டில் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நுழைப்பது சரியல்ல. போல்ட், நட்டுகளை டார்க் ஸ்பானரால் கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். ஸ்பிலிட் பின்னை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும்.

கடைசியாக முன் சக்கர நேர்மையைச் சரிபார்க்கவும். இதை நீங்களே அளக்கலாம். சக்கரங்களை நேராக வைத்து, இரு டயர்களின் நடுவிலும் முன்பக்கம் ஹப் உயரத்தில் சுண்ணாம்புக் குறி போட்டு இடைவெளியை அளக்கவும். வண்டியை முன்னே உருட்டி, அதே குறிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மீண்டும் அளக்கவும். பொதுவாக முன் அளவு பின் அளவைவிடச் சில மில்லி மீட்டர் குறைவாக இருக்க வேண்டும். எத்தனை மில்லி மீட்டர் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். ஒரு நாள் ஓட்டிய பிறகு எல்லா நட்டுகளையும் மீண்டும் சோதிக்கவும்.

இனி தேயாமல் இருக்க

- தொளி உழவு நாட்களில் தினமும் வேலை முடிந்ததும் முன் ஆக்சிலைக் கழுவி, கிரீஸ் அடிக்கவும். பழைய அழுக்குக் கிரீஸ் வெளியேறிப் புது கிரீஸ் தெரியும் வரை அடிக்க வேண்டும். காலையில் அடித்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரவு முழுக்கத் தண்ணீர் உள்ளே நிற்கும்.
- கழுவும்போது பிரஷர் பம்புத் தண்ணீரை ஆயில் சீலுக்கு நேராகப் பீய்ச்ச வேண்டாம்.
- லாரியில் முன் சக்கரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிரீஸ் அடித்தால், எடை விழும் பக்கத்துக்கும் கிரீஸ் போகும்.
- கிரீஸ் இறங்காத நிப்பிளை உடனே மாற்றவும். சிறு செலவுதான்.
- உயரமான வரப்பில் நேரே இறக்காமல், மண்வெட்டியால் கொஞ்சம் சரித்துவிட்டு மெதுவாக இறக்கவும்.

சோதனையில் டிராக்டர் ஓடக் கூடாது என்று தெரிந்து, பாகம் வர நாளாகும் என்றால் உழவை நிறுத்த வேண்டியதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர், ரோட்டவேட்டர் போன்றவற்றைக் குறைந்த மணி வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலி வழியாகப் பதியலாம், துறை அலுவலகத்தில் நேரிலும் கேட்கலாம். தண்ணீர் திறந்ததும் எல்லோரும் கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். சில நாள் வாடகையைப் பார்த்து, விரிசல் விட்ட ஸ்டப் ஆக்சிலோடு டிரெய்லரை மாட்டிச் சாலைக்கு எடுத்துவிடாதீர்கள்.