முத்துப்பந்தரும் கீற்றுப்பந்தலும்

கும்பகோணத்தை அடுத்த பட்டீச்சுரத்தில் ஆனித் திங்களில் முத்துப்பந்தல் விழா நிகழ்வதை நாம் அறிவோம். முதுவேனில் வெப்பத்தில் அடியார் புடைசூழ எழுந்தருளிய திருஞானசம்பந்தப் பிள்ளையாருக்கு இறைவன் பூதங்கள்வழி முத்துப்பந்தர் ஈந்தருளிய செய்தியைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார். பந்தர் நிழலில் வரும் பிள்ளையின் அழகைத் தாம் காணும்பொருட்டு நந்தியை விலகப் பணித்தார் என்பது தலவரலாறு. அங்கே நந்தி விலகியிருப்பதை இன்றும் காணலாம்.

நிழல் தருவதும் சிவத்தொண்டே என்பது இதனாற் புலப்படும். முத்துக்கு நாம் எங்கே போவோம்! நமக்குக் கீற்றுண்டு. தென்னோலையை நீரில் ஊறவைத்து முடைந்து, சவுக்குக் கால்களின்மேல் மூங்கில் பரப்பி வேய்ந்த பந்தலில் காற்று உலவும். வெயிலின் கடுமை ஓலையோடு நின்றுவிடும். பந்தல் உயர்ந்தும் பக்கங்கள் திறந்தும் இருத்தல் வேண்டும். தகரக் கொட்டகை அமைப்பது எளிதே. ஆயின் நண்பகலில் அதன்கீழ் ஒரு நாழிகை அமர்ந்தார்க்கே அதன் கொடுமை தெரியும்.

எனினும் உலர்ந்த கீற்று தீக்கு உணவு. 1997ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள், தஞ்சைப் பெரிய கோயிற் குடமுழுக்கு விழாவின்போது யாகசாலைப் பந்தல் தீப்பற்றியதில் 40க்கும் மேற்பட்ட அன்பர்கள் உயிர் துறந்தனர். வேள்வித்தீ வளரும் இடத்திற்கு ஓலைக்கூரை தகாது என்பது நம் கருத்து. ஏனைய பந்தல்களிலும் நாற்புறமும் வழிவிட்டு, மின்கம்பிகள் கீற்றிற் படாவண்ணம் அமைத்து, நீர்த்தொட்டியும் மணல் வாளிகளும் அருகே வைத்தல் வேண்டும். பந்தலை ஒட்டி வாணம் கொளுத்துவோரை, உபயகாரர் என்றும் பாராது தடுத்தல் வேண்டும்.