கல்லீரல் மாற்று அறுவை மருத்துவத்தில் முப்பரிமாண அச்சாக்கம்

உயிருள்ள கொடையாளரின் கல்லீரற்பகுதியைப் பிறருக்குப் பொருத்தும் அறுவை மருத்துவம் இந்தியாவில் 1998ஆம் ஆண்டு முதன்முதலாக வெற்றி கண்டது. தில்லி அப்பல்லோ மருத்துவமனையில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த குழந்தைக்குத் தந்தையின் கல்லீரற்பகுதி பொருத்தப்பெற்றது.

இம்முறையில் நோயற்ற ஒருவரும் அறுவைக்கு உட்படுகிறார். கொடையாளரிடம் குறைந்தது 30 விழுக்காட்டுக் கல்லீரலேனும் எஞ்சியிருத்தல் வேண்டும். ஆதலின் வெட்டுத்தளத்தை முன்னரே துல்லியமாக வரையறுத்தல் இன்றியமையாதது. ஆயின், கல்லீரலின் எட்டுக் கூறுகளுக்கும் உரிய எல்லைகள் புறத்தே புலப்படுவதில்லை. உள்ளோடும் குருதிக்குழாய்களே அவற்றை வரையறுக்கின்றன. குருதிக்குழாய்கள், பித்தநாளங்கள் ஆகியவற்றின் கிளைப்பும் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

சி.டி. ஸ்கேன் இவற்றைத் தட்டையான அடுக்குகளாகப் பதிவு செய்கிறது. அவ்வடுக்குகளைக் கணினியில் இணைத்து, குழாய்களை நிறத்தால் வேறுபடுத்தி, ஒளி ஊடுருவும் பொருளில் அச்சிடும்போது உள்ளமைப்பு கையிலேந்திக் காணத்தக்கதாகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் மூன்று கொடையாளர், மூன்று பெறுநர் ஆகியோரின் கல்லீரல்களை இவ்வாறு அச்சிட்டு, உண்மை உறுப்புகளோடு ஒப்பிட்டு, 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். சராசரி அளவுப்பிழை முழு உருவில் 4 மில்லிமீட்டருக்கும், குழாய் விட்டத்தில் 1.3 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தது.

எனினும் அச்சுருவை அமைக்கக் காலமும் பொருளும் மிகுதியாகத் தேவைப்படுவதால், அவசர அறுவைக்கு அது பொருந்துவதில்லை. மென்மையான கல்லீரல் அறுவையின்போது வடிவம் மாறும், அச்சுரு மாறாது. எனவே திட்டமிடல், பயிற்சி, கொடையாளருக்கு விளக்கி இசைவு பெறுதல் ஆகியவற்றுக்கே அச்சுரு துணையாகிறது. அறுவை மருத்துவரின் பட்டறிவுக்கு அது மாற்றாகாது.