பிரஷர் சரியாக இருந்தும் மூச்சு வாங்குகிறதா?



மருத்துவ உதவி கேட்டு வரும் குடும்பங்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்குது. பிரஷர் பார்த்தோம், சரியா இருக்கு. ஊதிப் பார்க்கச் சொன்னாங்க, அதிலயும் பெரிசா ஒண்ணுமில்லை." பிறகு வயது, ரத்தக்குறைவு, உடல் பருமன் என்று நாமே ஒரு காரணம் சொல்லி நாளைக் கடத்திவிடுகிறோம். இத்தகைய மூச்சிரைப்புக்குப் பின்னால் 'நுரையீரல் ரத்தக்குழாய் உயர் அழுத்தம்' இருக்கக்கூடும்.

கையில் பட்டை கட்டி அளப்பது உடம்பெங்கும் ஓடும் ரத்தத்தின் அழுத்தம். இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தின் அழுத்தம் வேறு. ஓய்வாக இருக்கையில் அதன் சராசரி சுமார் 14 மி.மீ. பாதரசம். 20-ஐத் தாண்டினால் நோய் என்று கணக்கு. கைப்பட்டையில் இது தெரியாது.

ஸ்பைரோமெட்ரி எனும் ஊதும் சோதனை, காற்று எவ்வளவு வேகமாக, எவ்வளவு வெளியேறுகிறது என்பதைக் காட்டும். இந்த நோயிலோ பழுது ரத்தக்குழாயில். அதனால் ஊதும் சோதனை சரியாகவோ சற்றே குறைவாகவோ வரலாம். காற்றிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறனை அளக்கும் வேறொரு சோதனையில் பலருக்குக் குறைவு தெரியும்.

உட்கார்ந்திருக்கும்போது தொல்லை இருக்காது. நடக்கும்போது தசைகள் கூடுதல் ரத்தம் கேட்கும். குறுகிப்போன குழாய்களில் அதைத் தள்ள முடியாமல் வலது இதயம் திணறும். மூச்சு வாங்கும், தலை சுற்றும், சிலர் மயங்கியும் விழுவார்கள். நாளடைவில் கால் வீங்கும்.

இதனால்தான் மருத்துவமனையில் 'ஆறு நிமிட நடை' சோதனை செய்கிறார்கள். 30 மீட்டர் நீளமுள்ள சமதளத்தில், தம்மால் முடிந்த வேகத்தில் நோயாளி நடப்பார். இடையில் நின்று இளைப்பாறலாம். நடந்த தூரத்தையும் ஆக்ஸிஜன் அளவையும் குறிப்பார்கள். நுரையீரல் தமனியையே தாக்கும் வகையில் 440 மீட்டருக்கு மேல் நடந்தால் ஆபத்து குறைவு, 165 மீட்டருக்குக் கீழ் என்றால் அதிகம் என்பது ஐரோப்பிய மருத்துவர்களின் 2022 வழிகாட்டுதல். இதை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம்.

கேரளத்தில் 2,003 நோயாளிகளைப் பதிவு செய்து பார்த்ததில், ஏறத்தாழ 59 விழுக்காட்டினருக்கு இடப்பக்க இதயக் கோளாறே காரணமாக இருந்தது. சிறு வயதில் வந்த வாதக்காய்ச்சலால் வால்வு சுருங்குவது இதில் ஒன்று. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, பீடி சிகரெட்டாலும் விறகடுப்புப் புகையாலும் கெட்ட நுரையீரல், நுரையீரலில் அடைத்த ரத்தக்கட்டி ஆகியவை பிற காரணங்கள். வால்வையும் ஓட்டையையும் காலத்தில் சரிசெய்தால் அழுத்தம் குறைய வாய்ப்புண்டு. தாமதித்தால் அந்த வாய்ப்பே கைநழுவலாம்.

"அசையாமல் படுத்திரு" என்பதும் சரியல்ல. 2006-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் 30 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், மருந்தோடு மேற்பார்வையில் பயிற்சியும் செய்தவர்கள் 15 வாரங்களில் முன்பைவிடக் கூடுதல் தூரம் நடந்தார்கள். ஆனால் மருத்துவர் அளவு சொன்ன பிறகே பயிற்சி. மூச்சு முட்ட ஓடுவதும் கனமான சுமை தூக்குவதும் கூடாது.

நாம் செய்ய வேண்டியது என்ன? தொழுகைக்கு நடந்து போகும்போதோ மாடி ஏறும்போதோ முன்பில்லாத மூச்சிரைப்பு சில வாரங்கள் நீடித்தால் மருத்துவரிடம் "எக்கோ எடுக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புதுச்சேரி ஜிப்மரும் நமக்கு எட்டும் தூரத்தில்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

நோய் உறுதியான பெண்களுக்குக் கர்ப்பம் உயிராபத்தாகலாம். அதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். நோன்புக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஹஜ், உம்ராவில் ஸயீ மட்டுமே சுமார் 3 கிலோமீட்டர் என்பதால் புறப்படுமுன் பரிசோதனை அவசியம். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம்.